பனிமலையில் பிறந்த தனிமொழி

மக்களைப் போலவே மொழிகளுக்கும் சுற்றமும் கிளையும் உண்டு. தமிழுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எனத் தென்னாட்டில் உறவு மொழிகள் பல இருக்கின்றன. பலூசிஸ்தானத்தில் வழங்கும் பிராகுயியும் அதன் தூரத்து உறவே. நாம் வாழும் பம்பாயில் நாள்தோறும் காதில் விழும் மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் சேர்ந்த குடும்பமோ ஐரோப்பா வரை பரந்தது. ஆனால் உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு மொழியும் இன்றித் தனித்து நிற்கும் மொழிகளும் உலகில் உள்ளன. அவற்றுள் ஒன்று புருஷாஸ்கி. அதைப் பேசும் மக்கள் புருஷோக்கள் எனப்படுவர்.

காஷ்மீரத்துக்கு வடக்கே, காரகோரம் மலைத்தொடரில், ஹுன்ஸா ஆறு பாய்ந்து வரும் பள்ளத்தாக்கே அவர்களுடைய தாயகம். ஆற்றின் ஒரு கரையில் ஹுன்ஸா என்னும் சிற்றரசும், மறுகரையில் நகர் என்னும் சிற்றரசும் இருந்தன. ‘நகர்’ என்பது இங்கே ஊரைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லன்று. அந்நாட்டின் பெயரே அது. 7,788 மீட்டர் உயரமுள்ள ராக்கபோஷிச் சிகரம் நகர் நாட்டின் மேல் நிமிர்ந்து நிற்கிறது. மேற்கே யாசின் பள்ளத்தாக்கிலும் இம்மொழியின் ஒரு கிளை வழங்குகிறது. பனியாறுகளின் நீரைக் கால்வாய் வெட்டிக் கொணர்ந்து, மலைச்சரிவில் படிப்படியாக வயல் அமைத்து வாழும் உழவர் குடிகள் இவர்கள். இன்று அப்பகுதி பாகிஸ்தானின் ஆட்சியில் உள்ளது.

கில்கித்தில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த லாரிமர் என்பவர் இம்மொழியை விரிவாக ஆராய்ந்து, 1935 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் பெர்கர் 1998-இல் இலக்கணமும் அகராதியும் அடங்கிய மூன்று தொகுதிகளை அளித்தார். காகசஸ் மலை மொழிகளோடும் சைபீரிய மொழிகளோடும் இதனை உறவுபடுத்த முயன்றவர்கள் உண்டு. அம்முயற்சிகள் எவையும் அறிஞர் அனைவராலும் ஏற்கப்படவில்லை.

இம்மொழியின் இயல்புகளில் இரண்டை மட்டும் இங்கே காண்போம். முதலாவது, எண்ணும் முறை. புருஷோக்கள் இருபது இருபதாக எண்ணுவர். இருபதுக்கு ‘அல்தர்’ என்று பெயர். நாற்பது என்பது இரண்டு இருபது. அறுபது என்பது மூன்று இருபது. இரண்டாவது, உறவுப் பெயர்களும் உடலுறுப்புப் பெயர்களும் உடையவரைச் சுட்டாமல் வருவதில்லை. ‘அமி’ என்றால் என் தாய். ‘குமி’ என்றால் உன் தாய். ‘இமி’ என்றால் அவன் தாய். தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. சங்க காலத் தமிழில் யாய் என்பது என் தாயையும், ஞாய் என்பது உன் தாயையும், தாய் என்பது பிறர் தாயையும் குறித்தன. இந்த ஒற்றுமையைக் கொண்டு இரு மொழிகளும் உறவென்று முடிவு கட்டுதல் தவறு. தாய் என்பவள் எப்போதும் ஒருவருடைய தாயே என்ற எண்ணம் இரு மக்களுக்கும் தனித்தனியே தோன்றியது எனக் கொள்வதே பொருந்தும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ருஷியப் பேரரசு பாமீர் வரை நெருங்கி வந்தது. ஆங்கிலேயர் அஞ்சினர். லடாக்கிலிருந்து யார்க்கண்டுக்குச் செல்லும் வணிகர்களை ஹுன்ஸா வீரர்கள் வழிமறித்துக் கொள்ளையிட்டு வந்ததும் அவர்களுக்கு ஒரு காரணமாயிற்று. 1891 டிசம்பரில் கர்னல் டியூராண்ட் தலைமையில் ஒரு படை சென்று, நகர் நாட்டின் நில்த் கோட்டையைத் தகர்த்தது. ஹுன்ஸாவின் அரசர் சப்தர் அலி சீன எல்லைக்குள் தப்பியோடினார். நகரின் இளவரசர் அசூர் கான் சிறைப்பட்டு ஸ்ரீநகருக்குக் கொண்டுவரப்பட்டார். அவரோடும் அவர்பின்னும் வந்தவர்களின் வழியினரே தாம் என்று ஸ்ரீநகரத்துப் புருஷோக்கள் இன்றும் கூறுகின்றனர்.

ஹரி பர்வதக் குன்றின் அருகே போத்ராஜ் மொகல்லா என்னும் பகுதியில் அவர்கள் குடியமர்ந்தனர். தொடக்கத்தில் தாயகத்தோடு தொடர்பு கொள்ள வழி இருந்தது. 1947-இல் நாடு பிரிந்தது. 1949-இல் போர்நிறுத்தக் கோடு வரையப்பட்டது. கில்கித்துக்குச் செல்லும் பாதை அடைபட்டது. அக்கரையில் லட்சம் பேரளவில் பேசும் மொழி, இக்கரையில் ஒரு சிறு குடியிருப்பின் மொழியாகச் சுருங்கியது.

இந்த நிலையில் அம்மொழி ஓரிரு தலைமுறைக்குள் மறைந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு நிகழவில்லை. காஷ்மீரைச் சேர்ந்த மொழியியலார் சதப் முன்ஷி, ஸ்ரீநகரத்துப் புருஷாஸ்கியைப் பற்றி ஆராய்ந்து, அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஆய்வேட்டை அளித்தார். ஏறத்தாழ 300 பேர் அங்கே அம்மொழியைப் பேசி வந்ததை அவர் பதிவு செய்தார். போர் நடந்து 115 ஆண்டுகளுக்குப் பின்னும் அது வீட்டு மொழியாகவே வாழ்ந்தது. காஷ்மீரிச் சொற்களும் உருதுச் சொற்களும் அதில் நிறையக் கலந்துள்ளன. ஒலியிலும் இலக்கணத்திலும் மாற்றங்கள் நேர்ந்துள்ளன. ஆயினும் அது நகர் நாட்டுப் புருஷாஸ்கியின் கிளையே என்பதில் ஐயமில்லை.

அதனைக் காத்தது எது? அம்மொழியில் பாடம் சொல்லும் பள்ளி ஸ்ரீநகரில் இல்லை. பழைய ஏட்டிலக்கியமும் இல்லை. அம்மக்கள் கடைத்தெருவில் காஷ்மீரி பேசினர். பள்ளியில் உருது கற்றனர். ஒன்றாக நெருங்கி வாழ்ந்த தம் வீடுகளில் மட்டும் புருஷாஸ்கியை விடவில்லை. பெற்றோர் பிள்ளைகளிடம் அம்மொழியில் பேசினர். பிள்ளைகளும் அம்மொழியிலேயே விடையளித்தனர். பிற மொழிகளைக் கற்றதால் அவர்கள் தம் மொழியை இழக்கவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

செம்பூரில் வாழும் நம் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் எழுந்த 1950-களிலும் அதற்குப் பின்னரும் தமிழர் பலர் வேலை நாடி இப்பகுதியில் குடியேறினர். நம்மை எவரும் சிறைப்படுத்திக் கொணரவில்லை. பிழைப்பை நாடி நாமே வந்தோம். ஊருக்குச் செல்ல நமக்கு ரயில் உண்டு. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு. தமிழ்வழிப் பாடம் சொல்லும் மாநகராட்சிப் பள்ளிகளும் இந்நகரில் உண்டு. இத்தனை இருந்தும், பாட்டி தமிழில் கேட்க, பேரன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை சொல்லும் வீடுகள் நம்மிடையே பெருகி வருகின்றன. கேட்டால் விளங்கும், பேச வராது என்னும் நிலை ஒரு தலைமுறைக்கு வந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கேட்டாலும் விளங்காது.

தமிழ் உலகில் அழிந்துவிடும் என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை. கோடிக்கணக்கானோர் அதைப் பேசுகின்றனர். ஆனால் அந்தக் கோடிகளின் பலம் செம்பூரில் உள்ள ஒரு வீட்டின் தமிழைக் காப்பாற்றித் தராது. கில்கித் பக்கத்தில் லட்சம் பேர் பேசியது ஸ்ரீநகரத்து 300 பேருக்கு எந்த வகையில் உதவிற்று? அவர்களுடைய மொழியை அவர்களே காத்துக்கொண்டனர். மராத்தியை நன்கு கற்போம்; இந்தியும் ஆங்கிலமும் தேர்வோம்; அவை நமக்குச் சோறிடும் மொழிகள். உணவு வேளையில் வீட்டார் கூடியிருக்கும்போது மட்டுமாவது பிள்ளைகள் தமிழில் விடை சொல்லும்வரை பொறுமையோடு காத்திருப்போம். போத்ராஜ் மொகல்லாவின் மக்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்தது இவ்வளவே; நம்மாலும் இயலும்.