இருளுக்குள் உறங்கும் படம்

பழைய பெட்டியொன்றை ஒழிக்கும்போது, அட்டைச் சட்டத்தில் பொருத்திய சின்னஞ்சிறு வண்ணப் பிலிம் துண்டுகள் உங்கள் கையில் அகப்பட்டதுண்டா? ‘ஸ்லைடு’ என்பது அவற்றின் பெயர். சட்டம் 5 செ.மீ. சதுரம், உள்ளே உள்ள படம் பெரும்பாலும் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. இருட்டறையில் புரொஜெக்டர் வழியாகத் திரையில் விழச்செய்து பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை அவை.

கடலூரில் எனக்குத் தெரிந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1978-இல் அவர் தம் மாணவர் பதினோரு பேரைச் சிதம்பரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். நடராசர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்து முகப்புத் தூண்களுக்கிடையே அவர்களை நிற்க வைத்து ஒரு ஸ்லைடு எடுத்தார். நல்ல உச்சி வெயில். மாணவர்கள் நின்றதோ மண்டப நிழலில். அண்மையில் அந்த ஸ்லைடைக் கடையொன்றில் கொடுத்துக் கணிப்பொறிப் படமாக மாற்றி வாங்கினார். முற்றத்துக் கற்கள் பளிச்சென்று தெரிந்தன. தூண்களுக்கிடையே வெறும் கறுப்பு!

“தம்பி, பையன்களைக் காணோமே!” என்றார் என்னிடம்.

நான் ஸ்லைடை வாங்கி, சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கறுப்புக்குள் மங்கலாகத் தோள்கள் தெரிந்தன. சில தலைகளும் தெரிந்தன. கண்ணுக்குத் தெரிவது கருவிக்கு ஏன் தெரியவில்லை? இதற்கு விடை காண நாம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மேகம் வரைந்த காப்டன்

வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் அடக்கும் தொல்லை, ஒளிப்படக் கலை நம் கோயில்களுக்குள் நுழைந்த நாளிலிருந்தே இருந்து வருகிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களை அவர் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியவர் அவர்.

அக்காலத்து இரசாயனப் பூச்சுக்கு நீல ஒளி மட்டுமே நன்கு உறைக்கும். கோபுரம் சரியாகப் பதிய வேண்டுமென்று காத்திருந்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? சில நெகடிவ்களில் தூரிகையால் சாயம் பூசி மேகங்களை வரைந்துவிட்டார்! பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவை வானம் தந்த மேகங்கள் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இருளுக்கு ஓர் அளவுகோல்

நிழல் ஏன் கெடுகிறது என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் கண்டறிந்தவர்கள் இருவர். ஒருவர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் என்ற சுவிஸ் இரசாயனர். மற்றவர் வீரோ சார்லஸ் டிரிஃபீல்டு என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊரின் இரசாயனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள். ஓய்வு நேரத்தில் ஒளிப்படம் எடுத்தார்கள். படம் சில நாள் நன்றாக வருகிறது, சில நாள் கெடுகிறது. இது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தட்டுகளுக்குக் கணக்கிட்ட ஒளியைக் கொடுத்து, அவை எவ்வளவு கறுக்கின்றன என்று அளந்தார்கள். முடிவுகளை 1890-இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் வகுத்த அளவே ‘ஒளியடர்த்தி’. பிலிமின் மீது விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு ஊடுருவினால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கானால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கானால் 3. அதாவது அடர்த்தி என்பது ஒரு மடக்கை. பள்ளியில் நீங்கள் சலித்துக்கொண்டு புரட்டிய மடக்கை அட்டவணைக்கு இப்படியும் ஒரு பயன்!

ஒளியளவுக்கும் அடர்த்திக்கும் அவர்கள் வரைந்த கோடு நேர்கோடாக அமையவில்லை. சாய்ந்த ‘ஸ்’ போல வளைந்தது. ஒளி மிகக் குறைந்த இடத்திலும் மிகுந்த இடத்திலும் கோடு படுத்துவிடுகிறது. படுத்த இடத்தில் ஒளியின் ஏற்ற இறக்கம் பதிவதில்லை. ஆகவே நிழலில் உள்ள ஒரு பொருள், பிலிமுக்குப் போதிய ஒளியை அனுப்பவில்லையானால், அது அங்கேயே, அப்பொழுதே இழக்கப்படுகிறது. பின்னால் எவராலும் அதை மீட்க இயலாது.

ஸ்லைடின் தனிக்குணம்

நெகடிவில் நிழல் மெலிந்து தெளிவாக இருக்கும். ஸ்லைடில் நிலைமை தலைகீழ். காட்சியில் இருண்டது ஸ்லைடிலும் இருண்டதே. 1935-இல் சினிமாப் படச்சுருளாகவும், மறு ஆண்டு 35 மி.மீ. சுருளாகவும் வெளிவந்த கோடக்ரோம், இத்தகைய வண்ணப் பிலிம்களில் புகழ் பெற்றது. அதைக் கண்டுபிடித்த லியோபோல்டு மேன்னஸ், லியோபோல்டு கோடோவ்ஸ்கி இருவரும் இசைக் கலைஞர்கள் என்பது ஒரு சுவையான செய்தி. 2009-இல் அதன் உற்பத்தி நின்றது.

இருட்டறையில் பிரகாசமான விளக்கின் முன் பார்ப்பதற்கென்றே அமைந்ததால், ஸ்லைடு வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியை வேண்டுமென்றே விரித்துக் காட்டும். அதன் கரும்பகுதிகளின் அடர்த்தி 3-ஐத் தாண்டி 3.6 வரைகூடச் செல்வதுண்டு. 3.6 என்றால் என்ன? விழும் ஒளியில் ஏறத்தாழ 4,000-இல் ஒரு பங்குதான் மறுபுறம் வருகிறது! மாணவர்கள் மறைந்திருந்தது அந்த நாலாயிரத்தில் ஒரு பங்கில்தான்.

முதல் ஸ்கேனரும் இதே தொல்லையும்

படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தும் ஸ்கேனரை 1957-இல் அமெரிக்கத் தேசிய அளவை நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் குழுவினருடன் அமைத்தார். கைக்குழந்தையாக இருந்த தம் மகனின் படத்தை உருளையில் சுற்றிச் சுழல விட்டார். 5 செ.மீ. சதுரப் படம் 176 வரிசைகளாக, வரிசைக்கு 176 புள்ளிகளாகப் பிரிந்தது. மொத்தம் 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கருவி சொல்லக்கூடிய விடை இரண்டே: கறுப்பு அல்லது வெள்ளை. இடைப்பட்ட சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை.

கிர்ஷ் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான எல்லையை மாற்றி மாற்றி வைத்து, ஒரே படத்தைப் பலமுறை ஸ்கேன் செய்தார்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது சாம்பல் நிறங்கள் பிறந்தன. ஒரு பார்வையில் அகப்படாதது பல பார்வைகளில் அகப்படும்! நிழலை மீட்க இன்று நாம் செய்வதன் வித்து இதுவே.

4,096 படிகள்

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாய்ல், ஸ்மித் இருவரும் சி.சி.டி. என்ற சாதனத்தை உருவாக்கினார்கள். இதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஒளியை மின்னூட்டமாக்கி எண்ணித் தரும் இச்சாதனமே பல ஸ்கேனர்களின் கண். ஆனால் இக்கண் நம் கண்ணைப் போன்றதன்று. நம் கண் ‘எத்தனை மடங்கு’ என்று பார்க்கிறது. இது ‘எத்தனை’ என்று எண்ணுகிறது.

12 பிட் ஸ்கேனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஒளியை 4,096 சமபடிகளாகப் பிரிக்கும். முழு ஒளியிலிருந்து பாதி ஒளி வரை இறங்க அதற்கு 2,048 படிகள் கிடைக்கின்றன. அடர்த்தி 3.3-இலிருந்து 3.6-க்குப் போவதும் அதே ‘பாதியாகக் குறைவது’தான். ஆனால் அங்கே இருப்பதோ ஒரே படி. 2-ஆம் எண்ணிலிருந்து 1-ஆம் எண்ணுக்கு! கன்னத்துக்கும் தலைமுடிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு படியில் ஒடுங்க வேண்டும். போதாக்குறைக்கு மின்சுற்றின் சொந்த இரைச்சலும் அதே அளவில் வந்து குறுக்கிடுகிறது. கடைக்காரரின் மென்பொருள் ‘இது வெறும் கறுப்பு’ என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

வழி என்ன? மூன்று உண்டு. முதலாவது, 16 பிட்டில் சேமிப்பது; தானாகக் கறுப்பு எல்லையை வெட்டும் வசதியை அணைத்து வைப்பது. இரண்டாவது, ஒரே இடத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுப்பது. இரைச்சல் வர்க்கமூல விதிப்படி குறையும். 16 முறை அளந்தால் நான்கில் ஒரு பங்காகும். மூன்றாவது, ஒருமுறை வழக்கம்போலவும், மறுமுறை எட்டு மடங்கு நேரம் ஒளியை ஏற்கவிட்டும் ஸ்கேன் செய்வது. இரண்டாம் முறையில் முற்றம் வெளுத்துப் போகும். ஆனால் நிழலில் 1 என்றிருந்தது 8 ஆகும். மென்பொருள் முதலாவதிலிருந்து வெயிலையும் இரண்டாவதிலிருந்து நிழலையும் எடுத்து இணைத்துவிடும். கிர்ஷின் பழைய உபாயம்தானே இது?

பத்து முகங்கள்

நண்பர் ஒருவரின் பிலிம் ஸ்கேனரில் இவ்வாறே செய்தோம். ஆசிரியர் திரையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தூண்களின் விளிம்பு முதலில் தெரிந்தது. பிறகு வெள்ளைச் சட்டைகள், பிறகு முகங்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினார். பத்து வந்தது. பதினோராவது மாணவன் கடைசித் தூணுக்குப் பின்னால், இருளின் ஆழத்தில் நின்றிருக்கிறான். ஒளியை எவ்வளவு கூட்டியும் அங்கே வண்ணப் பொடிகள் போன்ற இரைச்சல்தான் வந்தது. 1978-ஆம் ஆண்டின் அந்த நொடியில் பிலிமுக்கே அவன் அகப்படவில்லை.

“முகத்தை உண்டாக்கித் தரும் மென்பொருள் இருக்கிறதாமே?” என்று கேட்டார். இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு அங்கே ஒரு முகத்தை அழகாகப் பொருத்திவிடும். ஆனால் அது டிரைப்பின் மேகம். அந்த மாணவன் அல்லன். இதைச் சொன்னதும் ஆசிரியர் தலையசைத்து, “வேண்டாம், இருட்டாகவே இருக்கட்டும்” என்றார்.

இது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. நம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரர் கற்சிலை, ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய ஒளிப்படங்களே அதை அடையாளம் காட்டின. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், நம் கோயில்களைப் பற்றி இத்தகைய ஒளிப்படங்களை ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்துள்ளது. நிழலில் உள்ள ஒரு விரிசல், ஓர் உடைந்த விரல் சான்றாக நிற்கும் இடத்தில், வரைந்து சேர்த்த விவரம் எதற்கு உதவும்?

நம்முடையது கடற்கரை மாவட்டம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவற்றுக்குத் தப்பிய பெட்டிகளையும் ஈரமும் பூஞ்சையும் விடுவதில்லை. ஆகவே உங்கள் வீட்டு ஸ்லைடுகளை விரைவில் ஸ்கேன் செய்யுங்கள். படம் கறுத்து வந்தால் ஸ்லைடை எறிந்துவிடாதீர்கள்; சன்னலுக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிறகும் உலர்ந்த இடத்தில் அதைப் பத்திரப்படுத்துங்கள். நாளை இன்னும் கூரிய கண்ணுடைய கருவி வரும். அப்போது அதன் முன் வைக்க நம்மிடம் ஸ்லைடு இருக்க வேண்டும் அல்லவா?