இரண்டாவது புற்றுக்கு இலக்கணம் பிறந்த கதை

குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவருக்குச் சில வருஷம் கழித்து நுரையீரலில் ஒரு கட்டி தெரிகிறது. "பரவிடுச்சு" என்று வீடே முடிவுகட்டிவிடும். பல சமயம் அது சரிதான். சில சமயம் மட்டும் அந்தக் கட்டி பழையதன் வாரிசு அல்ல. அதே உடம்பில் தானாக முளைத்த வேறொரு புற்று. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு விதி வகுத்தவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத். 1881-இல் இரைப்பைப் புற்றை வெற்றிகரமாக வெட்டியெடுத்த கைகாரர். இரண்டு கட்டிகளும் திசு அமைப்பில் வேறுபட வேண்டும், வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியே பரவியிருக்கவும் வேண்டும் என்றார். வில்லங்கம் மூன்றாவதில்தான். பரவுவதற்கு முன்பே வெட்டியெடுத்த கட்டி கணக்கிலேயே சேராது. இரண்டும் முற்றிய பிறகு 'இரண்டு' என்று ஒப்புக்கொண்டு நோயாளிக்கு என்ன பயன்?

1932-இல் பாஸ்டனைச் சேர்ந்த நோயியல் நிபுணர் ஷீல்ட்ஸ் வாரனும் ஆலிவ் கேட்ஸும் மருத்துவ இதழ்களைத் துழாவி, ஒன்றுக்கு மேற்பட்ட புற்று வந்த 1,259 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். அவர்கள் வைத்த விதி எளிது: இரண்டும் புற்றுதான் என்பது ஐயமறத் தெரிய வேண்டும், தனித்தனிக் கட்டிகளாக இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது பரவியதல்ல என்று உறுதிப்பட வேண்டும். பில்ரோத்தின் மூன்றாம் நிபந்தனை போயே போய்விட்டது. இன்றும் மருத்துவர்கள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

உறுதிப்படுத்துவது மைக்ராஸ்கோப்பின் வேலை. குடல் புற்று நுரையீரலுக்குப் போனாலும் குடல் சுரப்பியின் சாயலை லேசில் விடாது. அங்கே செதிள் செல்கள் வெங்காயத் தோல்போல வட்டம் வட்டமாகச் சுருண்டு, நடுவில் கெரட்டின் முத்து தெரிந்தால், அது குடலிலிருந்து வந்த சரக்கல்ல. இரண்டு கட்டியும் ஒரே ஜாதியாக இருந்தால்தான் தலைவலி. அதற்கு இப்போது மரபணுச் சோதனை கைகொடுக்கிறது.

பரவிய புற்றுக்கும் புதிய புற்றுக்கும் வைத்தியம் வேறு. புதியது ஆரம்ப நிலையில் அகப்பட்டால் முழுக்கக் குணமாகவும் வாய்ப்புண்டு. ஆகவே ஸ்கேனைப் பார்த்ததும் மனம் தளராமல், பயாப்ஸி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ஆபரேஷனின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஸ்லைடுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.