பச்சை ஸ்டாம்பும் பறக்கும் பாயிண்டும்

எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஒரு விரதம் நடந்து வந்தது. அரிசி பருப்பு வாங்கினாலும் சரி, ஆணி வாங்கினாலும் சரி, ரொக்கம் கொடுப்பதில்லை. கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவது என்பதே அந்த விரதம். கார்டில் செலவழித்தால் பாயிண்டு சேரும். பாயிண்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றிக்கொள்ளலாம். மைல் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், வரியை மட்டும் கையிலிருந்து கட்டிவிட்டுக் குடும்பத்தோடு கடல் கடந்து போய் வரலாம்.

நாங்கள் போக விரும்பிய இடம் பினாங்கு. என் தாயார் பிறந்த ஊர் அது. தாத்தா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1955-இல், அம்மாவுக்கு ஆறு வயதாயிருக்கும்போது, 'ரஜூலா' கப்பலில் ஏறி எல்லோரும் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. "வாசலில் ஒரு ரம்புத்தான் மரம் இருந்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கணக்கில் புலி அல்ல. ஆனால் பாயிண்டு என்னைக் கணக்கப்பிள்ளையின் பேரனாகவே ஆக்கிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வாங்கக் கிளம்பினால் நானும் கூடவே போய், என் கார்டில் பணத்தைக் கட்டிவிட்டு அவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வேன். நண்பர்களோடு ஹோட்டலுக்குப் போனால் பில்லை முதலில் எடுப்பவன் நான்தான். ஊரில் எனக்குத் தாராள மனசுக்காரன் என்று பெயர் கிடைத்தது.

ஐந்து பேருக்கும் கோலாலம்பூர் வரை போய்வர மைல் சேர்ந்தாகிவிட்டது என்று நோட்டுப் புத்தகம் சொன்ன வாரத்தில், விமானக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கத்தினர்களின் சௌகரியத்தை முன்னிட்டு, ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான மைல்களைத் திருத்தி அமைத்திருக்கிறார்களாம். ஐந்து பேருக்குப் போதுமாயிருந்த மைல் மூன்று பேருக்கு மட்டும் போதும் என்று ஆயிற்று.

கோபம் வந்தால் சிலர் சண்டை போடுவார்கள். எனக்குப் புத்தகத்தைப் புரட்டும் சுபாவம். இந்த வித்தையை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார் என்று தேடப் புகுந்தேன்.

கதை சோப்பிலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் பாபிட் என்று ஒரு சோப் வியாபாரி இருந்தார். சோப்பைச் சுற்றி வந்த காகிதத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால் வர்ணப் படம் ஒன்று கிடைக்கும் என்று அவர் அறிவித்தார். படத்துக்காகச் சோப் வாங்கினார்கள் ஜனங்கள். 1891-இல் மில்வாக்கி நகரத்து ஷூஸ்டர் கடை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போயிற்று. சாமான் வாங்கியவர்களுக்கு ஸ்டாம்பு கொடுத்தது. 1896-இல் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்ற இருவர் கூட்டாகச் சேர்ந்து, ஸ்டாம்பையே ஒரு தனி வியாபாரமாக ஆக்கிவிட்டார்கள். அவர்கள் சோப்பும் விற்கவில்லை, துணியும் விற்கவில்லை. கடைக்காரர்களுக்கு ஸ்டாம்பு விற்றார்கள்.

அதுதான் பிரசித்தி பெற்ற பச்சை ஸ்டாம்பு. பத்து சென்ட்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு ஸ்டாம்பு. 1,200 ஸ்டாம்பு ஒட்டினால் ஒரு புத்தகம் நிரம்பும். புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேஜை விளக்கோ, போர்வையோ, ரொட்டி வாட்டும் யந்திரமோ கிடைக்கும். 1960-களில் அமெரிக்கத் தபால் இலாகா அச்சடிப்பதைப் போல மூன்று மடங்கு ஸ்டாம்பு தாங்கள் அச்சடிப்பதாகக் கம்பெனி பெருமையடித்துக்கொண்டது. பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊர்ப் பள்ளிக் குழந்தைகள், லட்சக்கணக்கில் ஸ்டாம்பு சேர்த்துத் தங்கள் மிருகக்காட்சி சாலைக்குக் கொரில்லாக் குரங்குகளே வாங்கிவிட்டார்கள்! இங்கிலாந்தில் 1958-இல் டாம்ப்கின்ஸ் என்பவர் பச்சைக் கேடய ஸ்டாம்பைக் கொண்டுவந்தார். அங்கேயும் அதே கோலாகலம்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்தபின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, நாக்கால் ஸ்டாம்பை ஈரப்படுத்தி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாயாரைக் கற்பனை செய்து பாருங்கள். அவளுக்கு அது இனாம் மாதிரித் தோன்றும். ஆனால் கடைக்காரன் ஸ்டாம்புக்குக் கொடுத்த காசைச் சாமான் விலையில்தானே எடுத்தாக வேண்டும்? அதோடு, எத்தனையோ ஸ்டாம்புகள் மேஜை டிராயரிலேயே கிடந்து மட்கிப் போயின. அப்படி மட்கிப் போன ஒவ்வொரு ஸ்டாம்பும் கம்பெனிக்கு லாபம். இதைக் கண்டுதான் இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1964-இல் ஒரு சட்டம் செய்தது. ஸ்டாம்பின் மேல் அதன் ரொக்க மதிப்பை அச்சடிக்க வேண்டும், கேட்டால் காசாகவும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மதிப்பு அற்பம்தான், ஆனாலும் அந்தத் தாயாரின் கையிலிருந்தது இன்ன விலை பெறும் என்று அவளுக்குத் தெரிந்தது.

1970-களில் பெட்ரோல் விலையும் மற்ற விலைகளும் ஏறவே, ஜனங்களுக்கு ஸ்டாம்பைவிட மலிவு விலை பெரிதாகப் பட்டது. 1977-இல் டெஸ்கோ கடைகள் ஸ்டாம்பைக் கைவிட்டு விலையைக் குறைத்தன. ஸ்டாம்பு யுகம் மங்கிற்று.

ஆனால் யோசனை சாகவில்லை. அதற்குச் சிறகு முளைத்தது. 1978 வரை அமெரிக்காவில் விமானக் கட்டணத்தைச் சர்க்கார்தான் நிர்ணயித்து வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார். கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. அடிக்கடி பறப்பவர்களை எப்படிக் கட்டிப் போடுவது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் எந்த டெலிபோன் நம்பர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடிப் பார்த்து, அடிக்கடி வரும் பிரயாணிகளைக் கண்டுபிடித்தார்கள். 1981 மே முதல் தேதி அவர்களுக்காக மைல் திட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் யுனைடெட் கம்பெனியும் பின்தொடர்ந்தது. எப்படியும் காலியாகப் போகப் போகிற ஆசனத்தில் ஒருவரை உட்கார வைத்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒரு சாப்பாடும் கொஞ்சம் எண்ணெயும்தான். அவருக்கோ அது ஆகாச விமானமே கிடைத்த மாதிரி! 1987-இல் அமெரிக்கனும் சிட்டிபாங்கும் சேர்ந்து கார்டு போட்டன. அன்றிலிருந்து பறக்காமலே மைல் சேர்க்க முடிந்தது. மளிகைக் கடைக்குப் போனாலே போதும். பச்சை ஸ்டாம்பு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

இந்த விளையாட்டில் ஜனங்கள் ஜயித்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1992-இல் பிரிட்டனில் ஹூவர் கம்பெனி, நூறு பவுனுக்குச் சாமான் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இனாம் என்று விளம்பரம் செய்தது. முதலில் ஐரோப்பாவுக்கு என்றார்கள். பிறகு அமெரிக்காவுக்கே என்றார்கள். வீட்டைப் பெருக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூடத் தூசி உறிஞ்சும் யந்திரம் வாங்கினார்கள். பெட்டி பிரிக்காத யந்திரங்கள் 'விற்பனைக்கு' என்று பத்திரிகைகளில் வந்தன. இரண்டு லட்சம் பேருக்கு மேல் பறந்தார்கள். கம்பெனிக்குச் சுமார் ஐந்து கோடி பவுன் போயிற்று. டிக்கெட் கிடைக்காதவர்கள் போட்ட வழக்குகள் 1998 வரை நடந்தன. கலிபோர்னியாவில் 1999-இல் ஒரு பொறியாளர், மைல் கூப்பனுக்காக 12,150 கிண்ணம் புட்டிங் வாங்கினார். லேபிளை உரித்துத் தருகிறவர்களுக்கே புட்டிங்கைத் தானமாகக் கொடுத்தார். சுமார் 3,140 டாலருக்குப் பன்னிரண்டரை லட்சம் மைல் சம்பாதித்தார். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் என் கண் முன் வந்து நிற்கிறது. கௌரவமான முன்னோடி!

ஆனால் ஒரு விஷயத்தில் ஜனங்கள் ஜயிக்கவில்லை. 1988-இல் அமெரிக்கன் கம்பெனி, ஏற்கெனவே சேர்த்த மைலுக்கும் புதுக் கட்டுப்பாடுகள் விதித்தது. இன்ன தேதிகளில் பறக்கக் கூடாது, இத்தனை ஆசனம்தான் உண்டு என்றது. இலினாய் மாகாணத்துப் பிரயாணிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒப்பந்தத்தை மீறியதாக வழக்காடலாம். மாகாணத்தின் நுகர்வோர் சட்டத்தைக் காட்டி வழக்காட முடியாது. காரணம், 1978-இல் கட்டை அவிழ்த்த அதே சட்டம்! ஒப்பந்தத்திலோ, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வோம் என்ற ஒரு வரி பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும். 2015-இல் டெல்டா கம்பெனி, எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

ஸ்டாம்பில் அச்சடித்திருந்த அந்த அற்ப மதிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் நோட்டுப் புத்தகத்திலிருந்த எண் என்னுடையது. அதன் விலையை எழுதுகிற பேனா கம்பெனியின் கையில். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேனாவுக்கு இருக்கும் மதிப்பு விமானத்துக்கே இல்லை. 2020-இல் கொள்ளைநோய் வந்து விமானங்கள் தரையில் கிடந்தபோது, யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அந்தத் திட்டம் சுமார் 2,200 கோடி டாலர் பெறும் என்று கணக்குக் காட்டிற்று. பங்குச் சந்தையில் முழுக் கம்பெனிக்கும் அப்போது இருந்த விலை அதில் ஏறக்குறையப் பாதிதான்! நம் நாட்டிலும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் நின்றுபோயின. அதன் பாயிண்டுத் திட்டம் மட்டும் வேறு பெயர் வைத்துக்கொண்டு உயிரோடிருந்தது.

இவ்வளவையும் என் மனைவியிடம் ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சரிங்க, இப்போ எத்தனை டிக்கெட் கிடைக்கும்?"

"மே மாசத்தில் ஒன்றுகூட இல்லை. ஜூலையில், அதுவும் புதன்கிழமையில், இரண்டு இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் சேர்த்தால் ஐந்து பேரும்..."

"பாயிண்டு இரண்டு வருஷம் காத்திருக்கும். அத்தையோட முழங்கால்..." என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டாள்.

பாயிண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு என்று படித்துப் படித்து வைத்திருந்தேன். இந்தத் தேதியை மட்டும் எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அன்று ராத்திரியே ஜூலை புதன்கிழமைக்கு அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு டிக்கெட் எடுத்தேன். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில். அங்கிருந்து ஜலசந்தியைத் தாண்டப் படகு. பினாங்கில் இறங்கும்போதாவது அம்மா தண்ணீர் வழியாகப் போய் இறங்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. குழந்தைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பணம் கொடுக்காமல் எந்தக் கப்பல்காரன் ஏற்றிக்கொள்வான் என்பது அவள் கேள்வி. ஊர் திரும்பும்போது ரஜூலாவுக்கு டிக்கெட் வாங்கத் தாத்தா, பாட்டியின் வளையலை விற்றாராம். இத்தனை வருஷமாக இதை அவள் சொன்னதே இல்லை. பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மருமகளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்:

"ஏம்ப்பா, அந்தப் பாயிண்டு போதாவிட்டால் சொல்லு. என் வளையல் இருக்கிறது. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போயிடலாம்."