சிறு முறுக்குவிசை அளவுகளும் அலகு மாற்றமும்

ஒரு தண்டையோ திருகாணியையோ அச்சைச் சுற்றித் திருப்பும் விசையின் அளவு முறுக்குவிசை. பட்டறையில் இதன் பெயர் டார்க். கொடுக்கும் விசையை, அச்சிலிருந்து அது விலகியிருக்கும் தூரத்தால் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும். கார் சக்கர நட்டுக்கு அடி-பவுண்டு பொருந்தும். கேமரா, கடிகாரம், பொம்மை விமானத்தின் சர்வோ மோட்டார் ஆகியவற்றுக்கு அது மிகப் பெரிய அலகு. ஆகவே பிரிட்டிஷ் முறையில் அங்குல-பவுண்டும் அவுன்சு-அங்குலமும், மெட்ரிக் முறையில் கிலோ-சென்டிமீட்டரும் கிராம்-சென்டிமீட்டரும் புழக்கத்துக்கு வந்தன.

‘டார்க்’ என்ற பெயரை 1884-ல் முன்வைத்தவர் கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன். பெயர் வந்த பிறகும் அளவு நெடுநாள் தளர்வாகவே இருந்தது. ஓர் அங்குலக் கையின் நுனியில் ஒரு பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது அங்குல-பவுண்டு. ஆனால் அதே எடைக்கல்லைப் பூமி துருவத்தில் இழுப்பதைவிட நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ அரை சதவீதம் குறைவாக இழுக்கிறது. 1901-ல் கூடிய எடை, அளவை பொது மாநாடு, புவியீர்ப்பு முடுக்கத்தின் நியம மதிப்பை 9.80665 என்று நிலைநிறுத்தியது. விசையின் அலகுக்கு 1948-ல் நியூட்டன் என்று பெயரிட்டதும் அதே மாநாடுதான்.

தூரத்திலும் சிக்கல் இருந்தது. ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம் என்று அமெரிக்கா 1893-ல் வகுத்ததால் அதன் அங்குலம் 25.4 மில்லிமீட்டரைவிட ஒரு துளி நீளம். பிரிட்டனின் அங்குலம் ஒரு துளி குட்டை. சட்டத்துக்கு முன்பே தொழிற்சாலைகள் முடிவெடுத்துவிட்டன. ஸ்வீடனின் கார்ல் எட்வர்டு யோஹான்சன் தம் அளவுக் கட்டைகளைச் சரியாக 25.4 என்றே வைத்துச் செய்தார். 1930-ல் பிரிட்டிஷ் தரநிலையும் 1933-ல் அமெரிக்கத் தரநிலையும் அதையே ஏற்றன. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் அங்குலத்தை 25.4 மில்லிமீட்டர் என்றும், பவுண்டை 0.45359237 கிலோகிராம் என்றும் ஒப்புக்கொண்டன.

இந்த இரண்டு எண்களையும் புவியீர்ப்பின் 9.80665-ஐயும், மில்லிமீட்டரை மீட்டராக்கிப் பெருக்கினால் ஓர் அங்குல-பவுண்டு 0.11298 நியூட்டன் மீட்டர். மூன்றும் வரையறைகள் என்பதால் இந்தப் பெருக்கத்தில் அளவீட்டுப் பிழைக்கே இடமில்லை. கிலோ-சென்டிமீட்டருக்கு மாற்றும்போது புவியீர்ப்பு இரு பக்கமும் அடிபட்டுப்போகும், 0.45359237-ஐ 2.54-ஆல் பெருக்கினால் போதும், 1.152 வரும். அவுன்சு பவுண்டில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஓர் அவுன்சு-அங்குலம் 72 கிராம்-சென்டிமீட்டர், அல்லது 7.06 மில்லிநியூட்டன் மீட்டர்.

கிலோ-சென்டிமீட்டர் என்பதில் வரும் கிலோ நிறையல்ல, விசை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ஜெர்மானியர்கள் கிலோபாண்டு என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் 1978 முதல் அங்கே அதற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. இந்தியா 1956-ன் எடை, அளவைச் சட்டத்தின் வழியே மெட்ரிக்குக்கு மாறியது. ஆனாலும் கடையில் வாங்கும் சர்வோ மோட்டாருக்கு இன்றும் நியூட்டன் மீட்டர் அல்ல, கிலோ-சென்டிமீட்டர் கணக்குதான். கல்லூரி மாணவர்கள் ரோபோ செய்ய வாங்கும் எஸ்ஜி90 என்ற நீல நிறச் சர்வோ 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-சென்டிமீட்டர் தரும். அமெரிக்க விவரத்தாளில் இதுவே 25 அவுன்சு-அங்குலம். எஸ்ஐ முறையில் 0.18 நியூட்டன் மீட்டர். ஒரு சென்டிமீட்டர் கையில் 1.8 கிலோவைத் தாங்குவது, கையை இரண்டு சென்டிமீட்டராக நீட்டினால் 900 கிராமைத்தான் தாங்கும்.

ஒரு கிலோ-சென்டிமீட்டரை 0.1 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வது பட்டறை வழக்கம். பிழை சுமார் 2 சதவீதம். 10 நியூட்டன் மீட்டர் வரையிலான டார்க் ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789 தரநிலையே 6 சதவீதம் கூடக்குறைய இருக்க இடம் கொடுத்திருக்கும்போது தசமத்துக்காக அலட்டிக்கொள்வதில் பொருளில்லை. உண்மையான ஆபத்து, அடிக்கு அங்குலம் 12, பவுண்டுக்கு அவுன்சு 16 என்ற பெருக்கல்களில் இருக்கிறது. மிதிவண்டிக் கைப்பிடியை இறுக்கும் எம்5 போல்ட்டுக்கு வழக்கமான 5 நியூட்டன் மீட்டர், அங்குல-பவுண்டில் 44. அந்த 44-ஐ அடி-பவுண்டு என்று படித்து ரெஞ்சைத் திருப்பினால் ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தூரம் போகுமுன்பே மரை அறுந்துவிடும், இல்லையென்றால் போல்ட் தலை கையோடு வந்துவிடும்.