அரக்கோணம் லோக்கலில் வந்த ராப்

2025 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990 பிப்ரவரிக்குப் பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல் முறை. ராப்புக்கு இரங்கற்பா எழுத உடனே ஆள் சேர்ந்துவிட்டார்கள். கொஞ்சம் விசாரித்தால் வேறு காரணங்களும் தெரிந்தன. டெய்லர் ஸ்விஃப்ட்டின் புது ஆல்பம் அந்த வாரங்களில் பட்டியலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 13 வாரம் முதலிடத்தில் இருந்த கென்ட்ரிக் லமாரின் 'லூதர்' பாட்டு, பழைய பாட்டுகளைச் சீக்கிரம் இறக்கிவிடும் புது விதியால் பட்டியலை விட்டே வெளியேறியிருந்தது. ஆனாலும் சரிவு பொய் இல்லை. 2017இல் ராக் இசையை முந்திக்கொண்டு அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை என்று பெயர் வாங்கிய ஹிப்ஹாப்புக்கு இன்று அந்த மவுசு இல்லை.

சென்னைப் புறநகரில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயிலில் ராப் சரிந்துவிட்டதா என்று கேட்டால் விடை வேறு பக்கம் போகும்.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. சி.டி.எச். சாலையில் பஸ் நிரம்பி வழிந்தது, மின்சார ரயில் அரக்கோணம் வரை நீண்டது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களோடு பச்சையப்பன் கல்லூரிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் போகும் பையன்களும் அதே ரயிலில் ஏறினார்கள். திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்துப் பையன்களுக்கு ரயில் பெட்டியின் தகரச் சுவர்தான் தாளக்கருவி. ஒருவன் அடி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் கோரஸ். கல்லூரியின் பெயர், அந்த வழியில் வரும் மாணவர்களின் தலைவனான 'ரூட்டு தல'யின் பெருமை, எதிர்க் கல்லூரிக்கு ஒரு குத்து. இதற்குப் பெயர் கானா. ஜன்னலோரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஷிப்டு தொழிலாளிக்கு இது ரசனையா தொல்லையா என்பது அன்றைய தூக்கத்தைப் பொறுத்தது. ரூட்டுச் சண்டைகளில் உயிர்களும் போயிருக்கின்றன. அதை மறைத்துவிட்டு இந்தப் பாட்டின் கதையைச் சொல்ல முடியாது.

கானா கல்லூரியில் பிறந்ததல்ல. வடசென்னையின் சாவு வீடுகளில், இரவு முழுக்க விழித்திருக்கும் சனங்களுக்காக, செத்தவரின் கதையையும் வாழ்வின் நிலையாமையையும் பாடியவர்களின் கலை அது. தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு சொல்லை மட்டும் புதிதாகப் போடுவார்கள். பாட்டுக்குப் பாட்டு போட்டியும் உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸில் 1973இல் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றியபோது, யாரோ போட்ட இசையின் மேல் தன் பேச்சை ஏற்றும் பழக்கம் இங்கே மேசையிலும் தட்டிலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வழியில்லை. சொல்லவும் தேவையில்லை.

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு இந்த வகைப் பாட்டின் மேல் இன்னும் பழைய உரிமை ஒன்று இருக்கிறது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் பார்வை இழந்து, திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட சுந்தரர் இங்கே வந்துதான் தன் துயரைக் களையும்படி சிவனிடம் முறையிட்டார். சங்கிலிக்காகத் தன் கண்ணைப் பறித்ததை அந்தப் பதிகத்திலேயே சொல்லிக் காட்டுகிறார். சொந்தக் குறையை, பேர் சொல்லி, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே, பாட்டுக்குப் பாட்டு திரும்ப வரும் ஒரே முடிப்போடு. இதை ராப் என்றால் ஓதுவார்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால் சொல்லவில்லை.

கானா, ராப் என்ற இரண்டு ஓடைகளையும் தமிழ்ச் சினிமா முதலில் கலந்தது 1994இல். ஷங்கரின் 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'பேட்டை ராப்' வந்தது. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீதுடன் பாடியவர் தேனி குஞ்சரம்மாள் என்ற நாட்டுப்புறப் பாடகி. திரையில் பிரபுதேவாவும் வடிவேலுவும். பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. ஆனால் ராப்பாக வளரவில்லை. ஒரு படத்தின் வேடிக்கைப் பாட்டாகவே நின்றுவிட்டது. முப்பது வருடம் கழித்து 2024இல் அதே பெயரில் பிரபுதேவா ஒரு படமே நடித்தார் என்றால், அந்த இரண்டு சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த அலை சென்னையில் எழவில்லை, மலேசியாவிலிருந்து வந்தது. யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் 2006இல் வெளியானது. இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன் மேல் தமிழில் ராப் பாடியிருந்தார்கள். தெரிந்த மெட்டின் மேல் புதுச் சொல். கானாக்காரர்கள் கேட்டுச் சிரித்திருப்பார்கள், இது நம்ம வேலையாச்சே என்று. தமிழில் வேகமாகப் பேசினால் தாளத்தில் உட்காரும் என்பதை ஒரு தலைமுறைக்குக் காட்டியது அந்த ஆல்பம்தான். யோகி பி மறு வருடமே 'பொல்லாதவன்' படத்தில் பாடினார்.

பிறகு கோவையிலிருந்து ஆதியும் அவர் நண்பர் ஜீவாவும் ஹிப்ஹாப் தமிழாவாக வந்தார்கள். 2011இல் 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியது. பெண்களைத் திட்டுகிறது என்று விமர்சனமும் கூடவே வந்தது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். 2015க்குள் அவர்கள் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களின் இசையமைப்பாளர்கள். ஜல்லிக்கட்டுக்காக அவர்கள் போட்ட 'டக்கரு டக்கரு' மெரினாப் போராட்டத்தின்போது செல்போன் செல்போனாகத் தாவியது. ஆனால் 2017 ஜனவரியில் போராட்டம் முடிவதற்குள்ளேயே ஆதி ஒரு வீடியோவில் விலகிக்கொண்டார். அதே வருடம் 'மீசைய முறுக்கு' படத்தின் இயக்குநரும் நாயகனும் அவரே. தமிழ் ராப்பின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும்: புகழ் ஏறும்போது நாக்கின் கூர் மழுங்கும்.

மழுங்காத பக்கம் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில், கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, மலக்குழி மரணம் எல்லாம் அந்த மேடையில் பாட்டாயின. கானாவுக்குப் பெண் வரக்கூடாது என்றிருந்த இடத்தில் இசைவாணி பாடினார். அவர் பாடிய ஐயப்பன் பாட்டுக்கு எதிராக ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், புகார்கள் கிளம்பின. செல்வாக்கு இழந்த கலைமேல் யாரும் புகார் கொடுப்பதில்லை.

அந்தக் குழுவின் அறிவு, அரக்கோணத்துக்காரர். அதாவது திருமுல்லைவாயிலைக் கடந்து போகும் அதே பாதையின் மறுமுனை. 2019இல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டங்களில் அவருடைய 'சண்ட செய்வோம்' ஒலித்தது. 2021 மார்ச்சில் பாடகி 'தீ'யோடு சேர்ந்து, சந்தோஷ் நாராயணன் இசையில் 'எஞ்சாயி எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த பாட்டி வள்ளியம்மாளின் கதை அதற்குள் இருந்தது. உலகம் ஆடியது. ஆடியவர்களில் எத்தனை பேர் அது நிலமில்லாதவர்களின் பாட்டு என்று கவனித்தார்கள்?

 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள், அறிவு இல்லை. எழுதியதும் பாடியதும் யார் என்ற சண்டை பொதுவெளிக்கு வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூன்று வருடத்தில் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சொன்னார். கோடிக்கணக்கில் பார்வை வாங்கிய பாட்டுக்கு இந்தக் கதி என்றால், மக்கள் மதிப்பையும் பட்டியல் எண்ணையும் ஒன்றாக வைத்து எடை போடுவது எவ்வளவு அபத்தம்! அறிவு 2024இல் போட்ட ஆல்பத்தின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.

இன்று தமிழ் ராப் குறைந்துவிட்டதா? காதில் விழும் அளவைப் பார்த்தால் இல்லவே இல்லை. ராப்பர் பால் டப்பாவின் '170 சி.எம்.', 'காத்து மேல' இரண்டும் 2024இல் ரீல்ஸை ஆண்டன. அதே வருடம் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் 'மக்காமிஷி'க்கும் அவர் குரல்தான். பெரிய நாயகனின் அறிமுகப் பாட்டு என்றால் நடுவில் ஒரு ராப் துண்டு இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் பெயரைக் கேட்டுப் பாருங்கள். 2023இல் வந்த 'நா ரெடி' என்றால் 'லியோ' படப் பாட்டு, விஜய் பாட்டு. அதற்குள் ராப் பாடிய அசல் கோலாரின் பெயரைச் சொல்லி அதைக் கேட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் ராப் சரிந்தால் பட்டியலில் தெரியும், அங்கே பாட்டு ராப்பரின் பெயரில் இருக்கிறது. இங்கே அது நாயகனின் பெயரில் ஓடுகிறது. நாயகன் வேறு தாளத்துக்கு மாறினால் அந்த இருபது விநாடித் துண்டும் சத்தமில்லாமல் கழற்றப்படும், அதை எந்தப் பட்டியலும் காட்டாது. சாவு வீட்டிலும் அரக்கோணம் லோக்கலிலும் பாடுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவர்கள் பாட்டு எப்போதும் அவர்கள் பெயரில்தான் இருந்திருக்கிறது.