நெடுந்தொலைவு லாரி ஓட்டுநருக்கான உணவு, தங்கல் வரிக் கழிவு (கனடா)

கனடாவில் நெடுந்தொலைவு லாரி ஓட்டும் தொழிலாளர், பயணத்தில் தாம் உண்ட உணவுக்கும் தங்கிய இடத்துக்கும் கைக்காசு செலவழித்திருந்தால், அதன் ஒரு பகுதியை வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. இதற்கான படிவம் டி.எல்.2. கழிக்கும் தொகை வரி அறிக்கையின் 22900-ஆம் வரியில் சேரும்.

வேலை தருபவரின் முதன்மைத் தொழில் சரக்கு அல்லது பயணிகள் போக்குவரத்தாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஓட்டுநர் தம் வசிப்பிடப் பகுதியையும் நிறுவனம் இருக்கும் நகர்ப்பகுதியையும் விட்டு அடிக்கடி வெளியூர் செல்பவராக இருக்க வேண்டும். நிறுவனம் திருப்பித் தந்துவிட்ட செலவைக் கோர முடியாது.

உணவுச் செலவில் பொதுவாகப் பாதிதான் கழியும். நெடுந்தொலைவு ஓட்டுநருக்கு மட்டும் அது 80 விழுக்காடு. 2007 மார்ச்சில் 60 விழுக்காடாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2011 முதல் இந்த அளவில் நிற்கிறது. இந்த 80 விழுக்காட்டைப் பெற வண்டியின் மொத்த எடைத் தகுதி 11,788 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். தொடர்ந்து 24 மணி நேரமாவது சொந்த ஊரையும் அதைச் சூழ்ந்த பெருநகரப் பகுதியையும் விட்டு வெளியே இருக்க வேண்டும். சரக்கு வீட்டிலிருந்து குறைந்தது 160 கிலோமீட்டருக்கு அப்பால் போக வேண்டும், அல்லது அங்கிருந்து வர வேண்டும்.

தூரத்தைவிட நேரமே பலரை இடறச் செய்கிறது. மிசிசாகாவில் வசிப்பவர் திங்கள் காலை 7 மணிக்குக் கிளம்பி, மொன்றியலில் சரக்கை இறக்கி, வண்டியிலேயே தூங்கி, செவ்வாய் காலை 6 மணிக்கு வீடு திரும்பினால் கணக்கு 23 மணி நேரம்தான். ஓட்டிய தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினாலும் அந்தப் பயணத்தின் உணவுக்குப் பாதிதான் கழியும்.

கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. விரிவான முறையில் ஒவ்வொரு ரசீதையும் காட்ட வேண்டும். எளிய முறையில் ஒரு வேளைக்கு 23 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். 2020-க்கு முன் இது 17 டாலர். கிளம்பிய நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு ஒரு வேளை. ஆனால் 24 மணி நேரத்தில் 3 வேளைக்கு மேல் இல்லை. ஆக நாளொன்றுக்கு 69 டாலர். அதில் 80 விழுக்காடு 55.20 டாலர். ஆண்டில் 150 நாள் இப்படிச் சாலையில் கழித்தவருக்குக் கழிவு 8,280 டாலர். இது அரசு திருப்பித் தரும் பணம் அல்ல. வரி போடப்படும் வருமானம் இவ்வளவு குறைகிறது என்றே பொருள்.

எளிய முறைக்கு ரசீது வேண்டாம் என்பதால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று எண்ணுவது பெரும் பிழை. உழைத்தவரின் கழிவு பெரும்பாலும் இங்கேதான் கைநழுவுகிறது. எந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே போய் எப்போது திரும்பினார் என்ற பயணப் பதிவேடு கட்டாயம். லாரியில் உள்ள மின்னணுப் பதிவுக் கருவி இதையெல்லாம் குறித்துவைக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் ஓட்டும் நேர விதிகளின்படி நிறுவனம் அந்தப் பதிவுகளை 6 மாதம் வைத்திருந்தால் போதும்; வரி ஆவணங்களையோ ஓட்டுநர் 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வரி வசூலிக்கும் கனடா வருவாய் முகமை சான்று கேட்கும்போது நிறுவனத்திடம் எதுவும் மிஞ்சியிருக்காமல் போகலாம். மாதம் ஒருமுறை பதிவின் படியை வாங்கி வீட்டில் சேர்த்துவைப்பதே பாதுகாப்பு.

படிவத்தில் வேலை தருபவரின் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை வரி அறிக்கையோடு அனுப்பத் தேவையில்லை. கேட்டால் காட்ட வேண்டும். வேலை மாறியவர் பழைய நிறுவனத்திடம் கையெழுத்து வாங்குவதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

லாரியின் படுக்கையில் தூங்கினால் தங்கும் செலவு என்று எதையும் கோர முடியாது. ஆனால் டிரக் ஸ்டாப்பில் குளிக்கக் கொடுத்த காசு தங்கும் செலவில் சேரும். விடுதியில் தங்கினால் ரசீது கட்டாயம்.

சொந்த லாரி வைத்துத் தனித்தொழிலாக ஓட்டுபவருக்கு டி.எல்.2 இல்லை. டி2125 படிவத்தில் தொழில் செலவாகக் காட்ட வேண்டும். உணவுக்கான 80 விழுக்காடு அவருக்கும் உண்டு. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் நிலைமை வேறு: அங்கே சொந்தத் தொழிலாக ஓட்டுபவர் 80 விழுக்காடு கழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கு ஓட்டுபவர் 2018 முதல் கூட்டரசு வரியில் இந்தக் கழிவை இழந்துவிட்டார்.