ஹெரால்டும் உப்புக்காற்றும்

பழைய கார் வாங்கி, தானே ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுபவருக்குத் தோதான வண்டி எது? பலரும் அம்பாசிடர் என்பார்கள். இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான்!

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் இதைக் கொண்டுவந்தது. மூலம், 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அங்கே நடந்த கதைதான் சுவாரஸ்யம். பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், தனி சேஸிஸ் போட்டு அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். ஒருவரின் வியாபாரச் சிக்கல் இன்னொருவருக்கு லாபம் என்பது இதுதான் போலும்! மட்கார்டோடு சேர்ந்தே பானெட் முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே 948 சி.சி. இன்ஜினில் கைவைக்கலாம்.

ஆனால் மீன்பிடித் துறைமுகம் உள்ள தேங்காய்த்திட்டு மாதிரி இடங்களில் உப்புக்காற்று சும்மா விடாது. பெயிண்ட் பளபளப்பில் மயங்கினால் போச்சு. வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்த பிறகுதான் விலையே பேச வேண்டும்.

வேறு இன்ஜின் மாட்டியது மலிவாகக் கிடைக்கிறதா? அவசரப்படக் கூடாது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' பதிவெண் கிடைக்கும், 10 வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. கிடைத்தாலும் தினமும் ஓட்ட அனுமதியில்லை. ரேலி, கண்காட்சி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது, அவ்வளவுதான்.